வி.ஆர். ஹெட்செட் பட்டை உடைந்தால்: வாசகர் கேள்வி – பதில்

பழைய வட ஆற்காடு மாவட்டப் பக்கமிருந்து இந்த முறை வந்த கேள்விகளில் பலவும் ஒரே பொருளைப் பற்றியவை. வீட்டில் ஒரு வி.ஆர். ஹெட்செட் (கண்ணை மறைத்துத் தலையில் மாட்டிக்கொண்டு உள்ளே இருக்கும் திரையில் விளையாட்டும் படமும் பார்க்கும் கருவி) இருக்கிறது, திரை நன்றாகத் தெரிகிறது, பேட்டரி நிற்கிறது, ஆனால் தலையில் மாட்டும் பட்டை போய்விட்டது, அதனால் பெட்டியோடு அலமாரியில் கிடக்கிறது. நல்ல பொருள் ஒரு பட்டைக்காகக் குப்பைக்குப் போகக் கூடாது என்பதால் எல்லாக் கேள்விகளையும் சேர்த்து இங்கேயே எடுத்துக்கொள்கிறேன்.

சார், என் ஹெட்செட்டின் பின்பக்கப் பட்டை கெட்டி பிளாஸ்டிக். திருகும் குமிழுக்குப் பக்கத்தில் விரிசல் விட்டு இரண்டாகிவிட்டது. சூப்பர் க்ளூ போட்டு ஒட்டினேன், மறுபடியும் அதே இடத்தில் விட்டுவிட்டது. வீட்டிலேயே சரிசெய்ய வழி உண்டா?
– விடுதியில் தங்கிப் படிக்கும் வாசகர், காட்பாடி

உண்டு தம்பி. ஆனால் பசையை மட்டும் நம்பினால் நடக்காது. ஹெட்செட் கிட்டத்தட்ட அரைக் கிலோ, மெட்டா (ஃபேஸ்புக்) நிறுவனத்தின் குவெஸ்ட் 2 என்றால் 503 கிராம், குவெஸ்ட் 3 என்றால் 515 கிராம். அந்தக் கனம் முகத்துக்கு முன்னால் தொங்குகிறது, பின்னால் பட்டை அதை இழுத்துப் பிடிக்கிறது. மாட்டும்போதும் கழற்றும்போதும் நாம் இரண்டு பக்கமும் பிடித்து விரிக்கிறோம். அப்படி விரிக்கும்போது எந்த இடத்தில் அதிகம் வளைகிறதோ அந்த இடத்தில்தான் விரிசல் விழும், பெரும்பாலும் குமிழ் இருக்கும் கூட்டுக்கும் பட்டைக்கும் நடுவே, மெல்லிசாகும் இடத்தில். 2020-ல் குவெஸ்ட் 2 வந்த புதிதில் அதற்கென்று தனியாக விற்ற கெட்டிப் பட்டையில் விரிசல் விழுகிறது என்று பல ஊர்களிலிருந்தும் புகார் வந்து, நிறுவனமே கொஞ்ச காலம் அதை அனுப்புவதை நிறுத்தி வைத்தது. ஆகவே உங்கள் கை முரட்டுக் கை என்று நினைக்க வேண்டாம்.

சூப்பர் க்ளூ காய்ந்தால் விறைத்துவிடும். நேராக இழுத்தால் தாங்கும், வளைத்தாலும் உரித்தாலும் விட்டுவிடும். பட்டைக்கு நேர்வதோ வளைவுதான். எலும்பு முறிந்தால் புத்தூருக்குப் போய்க் கட்டுப் போட்டுக்கொண்டு வருகிறார்களே, அங்கே முறிந்த இடத்துக்கு மேலேயும் கீழேயும் மூங்கில் பத்தை வைத்துத்தானே கட்டுகிறார்கள், பட்டைக்கும் அப்படி ஒரு பத்தைதான் வேண்டும். பசை அதற்குத் துணை, அவ்வளவுதான்.

முதலில் ஹெட்செட்டையும் பட்டையையும் தனித்தனியாகக் கழற்றிவிடுங்கள். பட்டையை மட்டும் மேசைக்குக் கொண்டுவாருங்கள், ஹெட்செட் வேறு அறையில் இருக்கட்டும் (ஏன் என்று ஆரணி வாசகருக்குச் சொல்லும் பதிலில் இருக்கிறது). பட்டையின் உள்பக்கம், பஞ்சுக்கு அடியில், என்ன பிளாஸ்டிக் என்று சின்ன எழுத்தில் அச்சு வார்த்திருப்பார்கள். ஏபிஎஸ் (ABS), அல்லது பிசி (PC) கலந்த ஏபிஎஸ் என்றால் இரண்டு டியூபாக வரும் எபாக்சிப் பசை நன்றாகப் பிடிக்கும். பிபி (PP) என்று இருந்தால், தொட்டால் மெழுகு தடவினது போல வழுக்கும், அதில் எந்தப் பசையும் சரியாக ஒட்டாது, தையலும் ரிவிட்டும்தான் கதி. நைலானும் பசைக்கு அவ்வளவாக மசியாது.

விரிசல் பட்டையின் முழு அகலத்துக்கும் ஓடாமல் பாதியில் நிற்கிறதா? அப்படியானால் அது முடிகிற நுனியைத் தேடிக் கண்டுபிடித்து அங்கே ஒன்றரை மில்லிமீட்டர் அளவில் ஓர் ஓட்டை போடுங்கள். விரிசலின் கூர்மையான நுனியில்தான் இழுவிசை முழுவதும் குவியும், வட்டமான ஓட்டை அதைப் பரப்பிவிடும், அப்புறம் விரிசல் மேலே ஓடாது. உங்களுடையது இரண்டாகவே விட்டுவிட்டதால் நேராகத் தையலுக்குப் போகலாம். உடைந்த இரு ஓரத்தையும் பொருத்திப் பிடித்து, கோட்டிலிருந்து ஐந்தாறு மில்லிமீட்டர் தள்ளி இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று என்று எதிரெதிராக ஓட்டைகள் போட்டுக்கொள்ளுங்கள். ஓரத்துக்கு மிக அருகில் போட்டால் பிய்த்துக்கொண்டு வந்துவிடும். செருப்பு தைக்கிற மெழுகு பூசிய நைலான் நூலை இரட்டையாக எடுத்து, ஒவ்வொரு ஜோடியையும் நன்றாக இழுத்து முடிச்சுப் போட்டுத் தையுங்கள். கடைசியில் நூல் நுனியை லேசாகத் தீயில் காட்டினால் உருகி முடிச்சு அவிழாது.

அடுத்து பத்தை. அலுமினியக் கதவு ஜன்னல் செய்யும் பட்டறையில் கழிவுத் துண்டு கேட்டால் கொடுப்பார்கள், ஒரு மில்லிமீட்டர் கனம் போதும், உடைந்த கோட்டுக்கு இருபுறமும் மூன்று மூன்று சென்டிமீட்டராவது நீளட்டும். பட்டையின் வளைவுக்கு ஏற்ப முதலிலேயே அதைக் கையால் வளைத்துக்கொள்ள வேண்டும். நேராக வைத்து அழுத்திக் கட்டினால் அது நிமிரப் பார்த்துக்கொண்டே இருக்கும். பத்தையின் உள்முகத்தையும் பட்டையின் வெளிமுகத்தையும் உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, தூசியைத் துடைத்து, எபாக்சியை மெல்லிசாகத் தடவி வைத்து, இரண்டு ஓரத்திலும் மூன்று மில்லிமீட்டர் போல்ட் ஒவ்வொன்று போட்டு முடுக்குங்கள். போல்ட்டின் உருண்டைத் தலை தலைமுடிப் பக்கம் இருக்கட்டும், நட் வெளியே. சீக்கிரம் காயும் எபாக்சி வேண்டாம், மெதுவாகக் காயும் வகையை வாங்கி ஒரு முழு நாள் தொடாமல் விடுங்கள். அப்புறம் உள்பக்கம் பழைய பஞ்சை ஒட்டிவிட்டால் தலைக்கு எதுவும் உறுத்தாது.

ஒரே ஓர் எச்சரிக்கை. ஓட்டை போடும் முன் அந்த இடத்துக்குள் வயர் ஓடுகிறதா என்று பாருங்கள். சில பட்டைகளில் பின்னால் பேட்டரி இருக்கும், குவெஸ்ட் 2 போன்றவற்றில் பக்கவாட்டுக் கைக்குள்ளேயே ஸ்பீக்கர் இருக்கிறது. அங்கே டிரில் பிட் இறங்கவே கூடாது. பக்கவாட்டுக் கை உடைந்திருந்தால் வெளியே பத்தை வைத்து கேபிள் டை போட்டுக் கட்டுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

வாங்கி ஒரு வருடம்கூட ஆகாத ஹெட்செட் பட்டை உடைந்துவிட்டது. கடையில் கேட்டால் "பட்டைக்கெல்லாம் வாரண்டி கிடையாது" என்கிறார்கள். நானே சரிசெய்துகொள்ளட்டுமா?
– வாசகர், ஆற்காடு

அவசரப்படாதீர்கள். கை வைத்த பின் வாரண்டி கேட்க முடியாது. கடைக்காரர் வாயால் சொன்னதை விட்டுவிட்டு வாரண்டி அட்டையை எடுத்துப் படியுங்கள். பட்டையை விலக்கி இருக்கிறார்கள் என்றால் அதில் எழுத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால் பில், உடைந்த இடத்தின் படம் இரண்டையும் வைத்து நிறுவனத்துக்கே நேராக எழுதுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, தமிழிலேயே பேசலாம். அது ஒரு முடிவுக்கு வரும்வரை பட்டையில் பசை படாமல் அப்படியே வைத்திருங்கள்.

என் பையனின் ஹெட்செட்டில் துணிப் பட்டைதான். எலாஸ்டிக் தொங்கிப்போய் விளையாடும்போது மூக்குக்கு இறங்கிவிடுகிறது. ஜாக்கெட் தைக்கிற எலாஸ்டிக் போட்டால் நிற்குமா?
– வாசகி, குடியாத்தம்

அந்த மெல்லிசு எலாஸ்டிக் நிற்காது சகோதரி. கடையில் "பெல்ட் எலாஸ்டிக்" என்று கேளுங்கள், நெய்த வகை, இழுத்தால் அகலம் குறுகாது. பழைய பட்டையின் அகலத்தை அளந்துகொண்டு போங்கள், பெரும்பாலும் ஓர் அங்குலம்தான், அதைவிட அகலமாக இருந்தால் ஹெட்செட்டில் பட்டை மாட்டும் துளையில் நுழையாது. வீட்டில் தையல் மிஷின் இருந்தால் அரை மணி நேர வேலை. ஆனால் நேர்த்தையல் போடாதீர்கள், எலாஸ்டிக் இழுபடும்போது நூல் இழுபடாமல் பட்டென்று அறும். ஜிக்ஜாக் தையல் போடுங்கள். உங்கள் மிஷினில் ஜிக்ஜாக் இல்லையென்றால், எலாஸ்டிக் இழுபடாத ஓரத்தில், அதாவது வெல்க்ரோவோடு சேரும் மடிப்பில், சதுரமாக ஒரு தையலும் அதற்குள் மூலைக்கு மூலை குறுக்காக ஒரு தையலும் போட்டால் போதும். பைக்கடைக்காரர்கள் தோள்பட்டைக்குப் போடுவார்களே, அதே தையல்.

இன்னொன்று கவனியுங்கள். நிறைய பேர் எலாஸ்டிக் தளர்ந்துவிட்டது என்று நினைக்கிறார்கள், உண்மையில் வெல்க்ரோவில் தலைமுடியும் நூலும் சேர்ந்து பிடி போயிருக்கும். பழைய டூத் பிரஷ்ஷால் கொக்கிப் பக்கத்தைத் தேய்த்துச் சுத்தம் செய்து பார்த்துவிட்டு அப்புறம் எலாஸ்டிக் வாங்கப் போகலாம். பையனுக்கும் ஒன்று சொல்லுங்கள், பக்கப் பட்டையை இழுத்து இறுக்குவதால் ஹெட்செட் மேலே நிற்காது, உச்சந்தலைக்கு மேலே போகிற பட்டைதான் கனத்தைத் தாங்க வேண்டும். முதலில் மேல் பட்டையைச் சுருக்கிச் சரியான உயரத்தில் நிறுத்திவிட்டு, பிறகு பக்கப் பட்டையை ஆடாமல் இருக்கும் அளவுக்கு மட்டும் இழுக்கட்டும். மேல் பட்டையைத் தொடாமலே பக்கத்தை மட்டும் இறுக்குகிற வீடுகளில்தான் எலாஸ்டிக் சீக்கிரம் போகிறது, பிள்ளைகளின் கன்னத்திலும் சிவந்த கோடு விழுகிறது.

பட்டையின் பின்னால் இருக்கும் குமிழைத் திருகினால் கடகடவென்று சத்தம் மட்டும் வருகிறது, இறுகவில்லை.
– வாசகர், ராணிப்பேட்டை

உள்ளே ஒரு சின்ன பல்சக்கரம், அதற்கு மேலும் கீழும் பல் வெட்டிய இரண்டு பட்டை. குமிழைத் திருகினால் இரண்டும் எதிரெதிராக நகர்ந்து இறுகும். பின் பஞ்சைப் பிரித்தால் அடியில் நான்கைந்து ஸ்குரூ தெரியும், கழற்றிப் பாருங்கள். முடி சுற்றியிருந்தால் ஊசியால் எடுத்தாலே பாதிப் பேருக்குச் சரியாகிவிடும். பல்லே மழுங்கியிருந்தால் அதைத் திரும்ப உண்டாக்க முடியாது, எபாக்சியில் பல் செதுக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். வீட்டில் ஒருவர் மட்டும்தான் போடுகிறார் என்றால் உங்கள் தலை அளவுக்கு வைத்து, இரண்டு பட்டையும் ஒன்றன்மேல் ஒன்று வரும் இடத்தில் குறுக்கே ஒரு சின்ன ஸ்குரூ இறக்கிப் பூட்டிவிடுங்கள். குமிழ் அதன்பின் சும்மாதான் இருக்கும், பட்டை நிற்கும். அளவு வைக்கும்போது மட்டும், மாட்டுவதற்கு வேண்டிய இடைவெளியையும் பார்த்து வையுங்கள்.

அண்ணா, நான் ஷூ கம்பெனியில் அப்பர் (ஷூவின் மேல்பாகம்) தையல் வேலை பார்க்கிறேன். தம்பியின் ஹெட்செட்டுக்குத் தோலிலேயே முழுப் பட்டை தைத்துக் கொடுக்கலாம் என்று ஆசை. எந்தத் தோல் எடுக்கலாம்? சரிவருமா?
– வாசகி, ஆம்பூர்

சரிவருமா என்று கேட்கிறீர்களே அம்மா, இதைவிட நல்ல பட்டை வேறு கிடையாது. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று இந்தப் பக்கம் முழுக்கத் தோலும் தோல் தெரிந்த கையும் இருக்கும்போது, பிளாஸ்டிக் பட்டைக்காக வெளியூர்ப் பார்சலுக்குக் காத்திருக்க வேண்டிய அவசியமே நமக்கு இல்லை. உடைந்த பட்டையோடு யாராவது என்னிடம் வந்தால், பக்கத்தில் பை தைக்கிறவர் யார் என்றுதான் முதலில் கேட்பேன்.

அப்பருக்கு வெட்டுகிற மெல்லிசுத் தோல் தனியாக நிற்காது, ஆறே மாதத்தில் நீண்டுவிடும். பெல்ட்டுக்கு எடுக்கும் கெட்டித் தோல் வேண்டும், அதிலும் முதுகுப் பக்கத்துத் துண்டு. வயிற்றுப் பக்கத்துத் தோல் இழுத்த இழுப்புக்கெல்லாம் நீளும் என்பது வெட்டு மேசையில் நிற்பவர்களுக்குத் தெரிந்ததுதான். மெல்லிசுத் தோல்தான் கிடைக்கிறது என்றால் இரண்டு தோலுக்கு நடுவே பை நாடா வைத்து, சொல்யூஷன் பசை தடவி ஒட்டி, இரு ஓரமும் தையல் போட்டுவிடுங்கள். இழுவையை நாடா தாங்கிக்கொள்ளும், தோல் நீளாது.

வடிவத்துக்குப் பழைய பட்டையையே வைத்துத் தாளில் வரைந்துகொள்ளுங்கள். பின்னால் ஒரே பட்டையாக இல்லாமல் இரண்டாகப் பிரித்து, ஒன்று பிடரி மேட்டுக்குக் கீழேயும் இன்னொன்று அதற்கு மேலேயும் வருகிற மாதிரி வெட்டினால் மண்டையைக் கவ்விப் பிடிக்கும், வழுக்காது. உச்சந்தலைப் பட்டையை அந்தப் பிரிவு சேரும் இடத்தில் கொண்டுவந்து இணைக்கலாம். ஹெட்செட்டோடு சேரும் நுனிகள் சின்னத் துளை வழியாக நுழைய வேண்டியவை, அங்கே மட்டும் தோலை ஸ்கைவிங் செய்து பாதிக் கனமாக்கி, மடித்து, ரிவிட் அடியுங்கள். அளவு மாற்றுவதற்குப் பக்கத்தில் ஒரு கொக்கி, ஐலெட் போட்ட ஐந்தாறு துளை. கொக்கி காதுக்கு மேலே வந்து அழுத்தாத இடமாகப் பாருங்கள்.

உள்பக்கம் தோலை அப்படியே விடாதீர்கள். குரோம் போட்டுப் பதனிட்ட தோல் வியர்வையோடு நாள்பட உரசினால் சிலருக்கு அரிப்பும் தடிப்பும் வரும், அது உங்கள் தொழிலில் இருப்பவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பருத்தி லைனிங் கொடுத்து, அதையும் வெல்க்ரோவில் ஒட்டிக் கழற்றுகிற மாதிரி வைத்தால் துவைத்துக்கொள்ளலாம். சொல்யூஷன் வாடை முழுவதும் போகக் காற்றாட இரண்டு மூன்று நாள் தொங்கவிட்ட பிறகே தம்பியின் தலையில் மாட்டுங்கள். தைத்து முடித்ததும் ஒரு படம் அனுப்பினால் மற்ற வாசகர்களுக்கும் உதவும்.

பட்டையை ஒட்டியபின் லென்ஸில் வெள்ளையாகப் புகை படிந்தது போல் இருக்கிறது. துடைத்தால் போகவில்லை.
– வாசகர், ஆரணி

சூப்பர் க்ளூவின் ஆவிதான் அது. காயும்போது கிளம்பி, பக்கத்தில் இருக்கும் வழுவழுப்பான பரப்பில் வெள்ளையாகப் படியும். அதனால்தான் ஒட்டும் வேலைக்கு ஹெட்செட்டைத் தனியாகக் கழற்றி வேறு அறையில் வையுங்கள் என்கிறேன். அசிட்டோனோ நெயில் பாலிஷ் ரிமூவரோ கொண்டு துடைக்கவே துடைக்காதீர்கள், லென்ஸ் பிளாஸ்டிக், அடுத்த நிமிடம் மங்கிப்போய்விடும், அதற்கப்புறம் எதுவும் செய்ய முடியாது. கண்ணாடி துடைக்கும் மைக்ரோஃபைபர் துணியை உலர்ந்தபடியே எடுத்து, அழுத்தாமல், நடுவிலிருந்து வெளியே சுற்றிச் சுற்றித் துடையுங்கள். புதிதாகப் படிந்ததென்றால் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். ஓரத்தில் மிஞ்சுவது பார்வைக்குக் குறுக்கே வராது, அதை அப்படியே விட்டுவிடுங்கள்.

3டி பிரிண்டரில் பட்டையின் உடைந்த பாகத்தை அச்சிடலாமா?
– வாசகர், திருப்பத்தூர்

தாராளமாக. அச்சிடும் பிளாஸ்டிக் இழைகளில் பிஎல்ஏ (PLA) மட்டும் வேண்டாம், 60 டிகிரியை நெருங்கினாலே தளர ஆரம்பித்துவிடும், நம் ஊர் சித்திரை வெயிலில் பூட்டிய காருக்குள் வைத்தால் வளைந்துவிடும். கெட்டிப் பாகத்துக்குப் பெட்ஜி (PETG) இழை, வளைய வேண்டிய பாகத்துக்கு டிபியூ (TPU) இழை. பட்டையைப் படுக்கவைத்து அச்சிடுங்கள், அடுக்குகள் பட்டையின் நீளவாக்கில் ஓட வேண்டும். நிற்கவைத்து அச்சிட்டால் முதல் இழுப்பிலேயே அடுக்குக்கு அடுக்கு பிரிந்துவிடும்.

சிறிய பிசியோதெரபி மையம் நடத்துகிறேன். பயிற்சிக்கு வைத்திருக்கும் ஹெட்செட்டின் பட்டையைச் சரிசெய்துவிட்டோம். ஆனால் முன்பக்கக் கனத்தால் வயதானவர்கள் கழுத்து வலிக்கிறது என்கிறார்கள். ஒரே பட்டையைப் பலர் போடுவதால் சுத்தம் பற்றியும் கவலை.
– வாசகர், பாகாயம்

முன்னால் அரைக் கிலோ தொங்கும்போது பின்னால் ஒன்றும் இல்லையென்றால் கழுத்துத் தசைதான் அதை நாள் முழுக்கத் தூக்கிப் பிடிக்கிறது. அதனால் பின்னால் எடை சேருங்கள். 10,000 எம்ஏஎச் பவர் பேங்க் ஒன்று சுமார் 200 கிராம் இருக்கும், கான்வாஸில் சின்னப் பை தைத்து வெல்க்ரோவால் பட்டையின் பின்னால் கட்டினால் எடையும் சமமாகும், சார்ஜும் நிற்கும். காற்றுப் போகும் பையாக இருக்கட்டும், உப்பிய பவர் பேங்கை எக்காரணம் கொண்டும் தலைக்குப் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள். மொத்தக் கனம் கூடுகிறதே என்று தோன்றலாம், கழுத்துக்கு உறுத்துவது கனத்தைவிட அது ஒரு பக்கமாகச் சாய்வதுதான். அப்படியும் தேய்ந்த கழுத்தெலும்பு உள்ளவர்களுக்குக் கொஞ்ச நேரமே போதும் என்று உங்களுக்கே தெரியும்.

சுத்தத்துக்கு, முகம் படும் பஞ்சை முதலில் கவனியுங்கள். அது வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், துடைத்தாலும் போகாது. 2021-ல் குவெஸ்ட் 2-இன் முகப் பஞ்சால் சிலருக்குத் தோல் எரிச்சல் வந்து, அமெரிக்காவில் மட்டும் சுமார் 40 லட்சம் பஞ்சுகளைத் திரும்பப் பெறுவதாக அறிவித்து, மேலே போட சிலிக்கோன் உறையை இலவசமாகக் கொடுத்தார்கள். உங்கள் மையத்துக்கும் துடைக்கக்கூடிய சிலிக்கோன் உறைதான் சரி, ஒவ்வொருவருக்கும் அதன்மேல் ஒரு பருத்தித் துணி. பின்பட்டைக்குக் கழற்றித் துவைக்கும் உறை இரண்டு மூன்று தைத்து மாற்றி மாற்றிப் போடுங்கள். ஆல்கஹால் இல்லாத கிருமிநாசினித் துடைப்பான் பட்டைக்கும் உறைக்கும் சரி, லென்ஸ் பக்கம் மட்டும் போகக் கூடாது.

துணிப் பட்டையைத் துவைக்கலாமா? வெயிலில் காய வைக்கலாமா?
– வாசகி, வாலாஜாபேட்டை

துவைக்கலாம். ஹெட்செட்டிலிருந்து முழுதாகக் கழற்றிவிட்டு, குளிர்ந்த நீரில் கொஞ்சம் சோப்பு போட்டுக் கையால் கசக்கினால் போதும். பிளீச்சிங் வேண்டாம், முறுக்கிப் பிழிய வேண்டாம், இஸ்திரி போடவே வேண்டாம், எலாஸ்டிக்கின் ரப்பர் இழை சூட்டில் செத்துப்போகும். வெயிலும் அதற்கு ஆகாது, நிழலில் கொடியில் போடுங்கள்.

கழற்றச் சோம்பல்பட்டு ஹெட்செட்டோடு சேர்த்து மொட்டை மாடியில் வைக்கும் பழக்கம் சில வீடுகளில் இருக்கிறது, தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். லென்ஸ் வழியாக வெயில் உள்ளே இறங்கினால் பூதக்கண்ணாடியில் இறங்குவது போல ஒரு புள்ளியில் குவிந்து திரையைச் சுட்டுவிடும், ஜன்னலோர மேசையில் வைத்தாலும் இதே ஆபத்துதான். வேலூர்ப் பக்கத்துக் கோடை வெயிலுக்குச் சில நிமிடம் போதும். பட்டை போனால் தைத்துக்கொள்ளலாம், திரை சுட்டுப்போனால் வீட்டில் செய்ய ஒன்றும் இல்லை. ஹெட்செட்டை லென்ஸ் மேல் ஒரு துணி போட்டுப் பெட்டிக்குள் வையுங்கள், பட்டை மட்டும் கொடிக்குப் போகட்டும்.